ஹீட் பம்ப் வீட்டில் ஜனவரி ஹைட்ரோ பில் ஏன் எகிறுது? பேக்கப் ஹீட்டை எப்போ ஓட விடணும்?



இந்தப் பதிவு கனடாவில், குறிப்பா டொராண்டோ, ஸ்கார்பரோ, பிராம்ப்டன், மார்க்கம் பக்கம் வேலை பார்க்கிற நம்ம மக்களுக்கு. நீங்க வாங்கின வீட்டிலோ, வாடகைக்கு இருக்கிற டவுன்ஹவுஸிலோ ஹீட் பம்ப் இருந்தா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

அக்டோபர், நவம்பர்ல எல்லாம் நல்லாத்தான் போகும். "பரவாயில்லையே, பில் கம்மியா வருதே"னு தோணும். ஜனவரி மாச ஹைட்ரோ பில் வந்ததும் தூக்கிவாரிப் போடும். (கரண்ட் பில்லுக்கு ஒன்டாரியோவில் ஹைட்ரோ பில்னு தான் பேரு. புதுசா வந்தவங்க தண்ணி பில்னு நினைச்சுக்காதீங்க.) உடனே நண்பர்கள் ஆரம்பிப்பாங்க: "அப்பவே சொன்னேன்ல, ஹீட் பம்ப் எல்லாம் இந்தக் குளிருக்கு ஆகாது."

பல வீடுகளில் தப்பு ஹீட் பம்ப்ல இருக்காது. சுவத்துல இருக்கிற தெர்மோஸ்டாட்டுக்குள்ள, யாரும் திறந்தே பார்க்காத ரெண்டு செட்டிங்ல இருக்கும். பேக்கப் ஹீட் எந்த டிகிரியில் ஆரம்பிக்கணும்ங்கிறது டெக்னீஷியன் ஒரு நாள் வந்து ஏதோ ஒரு நம்பரைப் போட்டுட்டுப் போற விஷயம் இல்லைங்க. உங்க பில்லை வெச்சு நீங்க எடுக்க வேண்டிய பண முடிவு அது. அதை எப்படி எடுக்கிறதுன்னு தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.

முதல்ல அடிப்படை: ஹீட் பம்ப்னா என்ன, பேக்கப்னா என்ன?

ஊர்ல ஏசி போட்ட வீட்டு அவுட்டோர் யூனிட் பக்கத்துல நின்னா சூடா காத்து அடிக்கும்ல? வீட்டுக்குள்ள இருக்கிற சூட்டை எடுத்து வெளியே கொட்டுறது தான் ஏசி. அதையே திருப்பி ஓட்டினா ஹீட் பம்ப். வெளியே மைனஸ் 10 டிகிரி இருந்தாலும் அந்தக் காத்துல கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்யும். அதை உறிஞ்சி உள்ளே கொண்டு வரும்.

இதுல தான் லாபமே இருக்கு. ஹீட் பம்ப் சூட்டை உண்டாக்கறதில்லை, இடம் மாத்துது. அதனால ஒரு யூனிட் கரண்ட் போட்டா ரெண்டு, மூணு யூனிட் சூடு கிடைக்கும். இந்தக் கணக்குக்கு சி.ஓ.பி.னு பேரு. ஒரு யூனிட் கரண்டுக்கு மூணு யூனிட் சூடு வந்தா சி.ஓ.பி. 3.

ஆனா வெளியே குளிர் ஏற ஏற உறிஞ்ச வேண்டிய சூடு குறையும், சி.ஓ.பி.யும் இறங்கும். குளிர்ப் பிரதேசத்துக்குன்னே செஞ்ச ஒரு நல்ல மாடலுக்குத் தோராயமா இப்படி இருக்கும்:

- பிளஸ் 8 டிகிரி: 3.8
- 0 டிகிரி: 3.0
- மைனஸ் 8: 2.4
- மைனஸ் 15: 2.0
- மைனஸ் 25: 1.5

சி.ஓ.பி. மட்டும் இறங்கினா பரவாயில்லை. அதே நேரத்துல ஹீட் பம்ப் தரக்கூடிய மொத்தச் சூடும் குறையும், வீட்டுக்குத் தேவையான சூடோ கூடிக்கிட்டே போகும். ஒரு கட்டத்துல ஹீட் பம்ப் தனியா சமாளிக்க முடியாது. அப்போ கை கொடுக்கிறது தான் பேக்கப் ஹீட். இதுல ரெண்டு வகை இருக்கு.

1. எலக்ட்ரிக் பேக்கப்: காத்து போற பாதையில் வெச்சிருக்கிற ஹீட்டர் காயில். ஊர்ல பக்கெட் தண்ணியில் போடுற ஹீட்டர் ராடு மாதிரி தான். ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரே ஒரு யூனிட் சூடு. சி.ஓ.பி. எப்பவும் 1. இது ஹீட் பம்ப்போட சேர்ந்தே ஓடும்.

2. கேஸ் பேக்கப்: ஏற்கெனவே இருக்கிற கேஸ் ஃபர்னஸை அப்படியே வெச்சுக்கறது. பொதுவா இங்க ரெண்டும் சேர்ந்து ஓடாது. ஒரு குறிப்பிட்ட டிகிரிக்குக் கீழே போனா ஹீட் பம்ப் நின்னு ஃபர்னஸ் ஆரம்பிக்கும்.

உங்க வீட்டில் எது இருக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. ஏன்னா ரெண்டுக்கும் செட்டிங் நேர் எதிர்.

எலக்ட்ரிக் பேக்கப் வீடு: ஒரு மணி நேரத்துக்கு என்ன செலவு?

ஒரு டவுன்ஹவுஸை எடுத்துக்குவோம். வெளியே மைனஸ் 10. வீட்டைச் சூடா வெச்சிருக்க மணிக்கு 7 யூனிட் சூடு வேணும். கரண்ட் ஒரு யூனிட் 14 சென்ட்னு வெச்சுக்குவோம்.

- ஹீட் பம்ப் மட்டும் ஓடினா (சி.ஓ.பி. 2.3): சுமார் 3 யூனிட் கரண்ட், 43 சென்ட்.
- பேக்கப் காயில் மட்டும் ஓடினா: 7 யூனிட் கரண்ட், 98 சென்ட்.

அதே வீடு, அதே சூடு, அதே குளிர். செலவு மட்டும் ரெண்டு மடங்குக்கு மேல. ஒரு நாள் முழுக்க இப்படி ஓடினா 13 டாலருக்கு மேல வித்தியாசம். ஒரு குளிர் வாரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க, ஜனவரி பில் எங்கே போச்சுன்னு புரியும்.

அதனால எலக்ட்ரிக் பேக்கப் வீட்டுக்கு விதி ரொம்ப சிம்பிள். மெஷின் தாங்கற கடைசி டிகிரி வரைக்கும் ஹீட் பம்ப்பை ஓட விடுங்க. காயிலை முடிஞ்ச அளவு தள்ளிப் போடுங்க. சி.ஓ.பி. 1.5-க்கு இறங்கினாலும் அது 1-ஐ விட லாபம் தான். மைனஸ் 25, சில மாடல்ல மைனஸ் 30 வரைக்கும் கூட ஓடும். உங்க மாடலோட கையேட்டைப் பாருங்க.

இதுக்கு தெர்மோஸ்டாட்ல ரெண்டு செட்டிங் இருக்கும். பேரு கொஞ்சம் மாறலாம். ஈகோபீ மாதிரி தெர்மோஸ்டாட்ல இப்படி இருக்கும்:

- கம்ப்ரசர் மினிமம் அவுட்டோர் டெம்பரேச்சர்: இந்த டிகிரிக்குக் கீழே போனா ஹீட் பம்ப் நின்னுடும். இது மைனஸ் 5-லயோ 0-விலயோ இருந்தா, மைனஸ் 6 ஆனதும் நல்லா ஓடக்கூடிய ஹீட் பம்ப்பை நிறுத்திட்டு காயிலை மட்டும் ஓட்டிக்கிட்டிருப்பீங்க. எலக்ட்ரிக் பேக்கப் வீட்டுக்கு இதை விட காஸ்ட்லியான செட்டிங் கிடையாது.
- ஆக்ஸ் ஹீட் மேக்ஸிமம் அவுட்டோர் டெம்பரேச்சர்: இந்த டிகிரிக்கு மேல இருந்தா பேக்கப் ஓடவே கூடாது. இதைப் பெரிய நம்பர்ல விட்டா, வெளியே பிளஸ் 5 இருக்கும்போது கூட காயில் ஓடும்.

இதை எவ்வளவு வைக்கலாம்? ஒரு மைனஸ் 5-ல ஆரம்பிங்க. ஒரு வாரம் பாருங்க. வீடு சரியா சூடாகுதுன்னா இன்னும் ஒரு ரெண்டு டிகிரி கீழே இறக்குங்க. வீடு சூடு பத்தலைன்னா ஒரு ரெண்டு ஏத்துங்க. ரெண்டு, மூணு முறையில் உங்க வீட்டுக்கான நம்பர் பிடிபட்டுடும்.

ராத்திரி குறைச்சு வெச்சா மிச்சம்னு நினைக்கிறீங்களா?

"தூங்கும்போது 16-க்கு குறைச்சிடு, காலையில் 21-க்கு ஏத்திக்கோ"னு எல்லாரும் சொல்லுவாங்க. கேஸ் ஃபர்னஸ் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இது நல்ல அட்வைஸ். எலக்ட்ரிக் பேக்கப் இருக்கிற ஹீட் பம்ப் வீட்டில் இதுவே பாக்கெட்டைக் கடிக்கும்.

ஏன்? ஹீட் பம்ப் மெதுவா சூடேத்துற மெஷின். காலையில் 7 மணிக்கு ஒரேயடியா 5 டிகிரி ஏத்தச் சொன்னா, "இது என்னால ஆகாது, காயிலைக் கூப்பிடு"னு தெர்மோஸ்டாட் முடிவு பண்ணிடும். ஒன்டாரியோவில் டைம்-ஆஃப்-யூஸ் பிளான்ல குளிர்காலத்துக்கு வார நாள் காலை 7-லருந்து 11 வரைக்கும் ஆன்-பீக். விலை உச்சத்தில் இருக்கிற நேரத்துல தான் 10 கிலோவாட் காயில் ஓட ஆரம்பிக்கும்.

ஒரு உதாரணக் கணக்கு:

- ராத்திரி குறைச்சதால 20 யூனிட் சூடு தேவைப்படலை. ஹீட் பம்ப்புக்கு அது 9 யூனிட் கரண்ட். ஆஃப்-பீக்ல 10 சென்ட்னா மிச்சம் 90 சென்ட்.
- காலையில் ஆறிப்போன வீட்டைச் சூடேத்த காயில் ஒன்றரை மணி நேரம் ஓடினா 15 யூனிட். ஆன்-பீக்ல 18 சென்ட்னா செலவு 2 டாலர் 70 சென்ட்.

90 சென்ட் மிச்சம் பிடிக்கப் போய் 2.70 செலவு. ஒரு நாளைக்கு 1.80 நஷ்டம். மாசத்துல 20 வேலை நாள்னா 36 டாலர். உங்க போன் பில் அளவுக்குப் பணம், "சிக்கனமா இருக்கேன்"ங்கிற பேர்ல போகுது.

என்ன பண்ணலாம்? ராத்திரி குறைக்கணும்னா ஒன்னு, ரெண்டு டிகிரி மட்டும் குறைங்க. காலையில் ஏத்தறதை 7 மணிக்கு முன்னாடி, ஆஃப்-பீக்லயே ஒவ்வொரு டிகிரியா ஏத்துற மாதிரி ஷெட்யூல் போடுங்க. 4:30-க்கு ஒரு டிகிரி, 5:30-க்கு ஒரு டிகிரி. காயிலுக்கு வேலையே வராது.

கேஸ் பேக்கப் வீடு: மாறுற டிகிரியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இங்க கணக்கு வேற. கேஸ் சூடு மலிவா, ஹீட் பம்ப் சூடு மலிவாங்கிறது கரண்ட் விலை, கேஸ் விலை, வெளியே குளிர் மூணையும் பொறுத்தது. பயப்படாதீங்க, ஒரே ஒரு வகுத்தல் தான்.

ஒரு கன மீட்டர் கேஸை 95% திறன் உள்ள ஃபர்னஸ்ல எரிச்சா சுமார் 10 யூனிட் சூடு கிடைக்கும். கேஸ் ஒரு கன மீட்டர் 40 சென்ட்னா, ஒரு யூனிட் கேஸ் சூடு 4 சென்ட்.

கரண்ட் ஒரு யூனிட் விலை ÷ கேஸ் சூடு ஒரு யூனிட் விலை = உங்களுக்குத் தேவையான சி.ஓ.பி.

இந்த நம்பருக்கு மேல சி.ஓ.பி. இருந்தா ஹீட் பம்ப் லாபம். கீழே போனா கேஸ் லாபம்.

இப்போ ஒன்டாரியோ பிளான்களுக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 நவம்பர் 1 முதல் இருந்த விலை: டைம்-ஆஃப்-யூஸ்ல ஆஃப்-பீக் 7.6, மிட்-பீக் 12.2, ஆன்-பீக் 15.8 சென்ட். அல்ட்ரா-லோ ஓவர்நைட் பிளான்ல ராத்திரி 11 முதல் காலை 7 வரை 2.8 சென்ட், வார நாள் மாலை 4 முதல் 9 வரை 28.4 சென்ட். ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 1-ம் தேதி ஒன்டாரியோ எனர்ஜி போர்டு புது விலை வைக்கும், அதனால உங்க பில்லில் இருக்கிற இப்போதைய நம்பரைப் போடுங்க. யூனிட்டுக்கு ஏற்ற மாதிரி வர்ற மத்த கட்டணங்களுக்கு ரெண்டு சென்ட் பக்கம் சேர்த்து முழுசாக்கி இருக்கேன். வரி, அரசாங்கத் தள்ளுபடி ரெண்டையும் எளிமைக்காக விட்டாச்சு.

- ஆஃப்-பீக், 10 சென்ட்: தேவையான சி.ஓ.பி. 2.5. மேலே இருக்கிற பட்டியல்படி மைனஸ் 7 வரைக்கும் ஹீட் பம்ப் லாபம்.
- மிட்-பீக், 14 சென்ட்: 3.5. பிளஸ் 5-க்குக் கீழே போனாலே கேஸ் லாபம்.
- ஆன்-பீக், 18 சென்ட்: 4.5. இந்த விலைக்கு கேஸ் தான்.
- அல்ட்ரா-லோ ராத்திரி, 5 சென்ட்: 1.25. மைனஸ் 25-லயும் ஹீட் பம்ப் தான் லாபம்.
- அல்ட்ரா-லோ மாலை, 30 சென்ட்: 7.5. எந்த ஹீட் பம்ப்பாலும் முடியாது.

கவனிச்சீங்களா? வெளியே அதே மைனஸ் 10. ராத்திரி 2 மணிக்கு ஹீட் பம்ப் ஜெயிக்குது, சாயங்காலம் 6 மணிக்கு கேஸ் ஜெயிக்குது. "ஹீட் பம்ப் நல்லதா, கேஸ் நல்லதா"னு நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்ல மணிக்கணக்கா சண்டை போடுவாங்களே, ரெண்டு பேரும் சொல்றது சரியாவே இருக்கலாம். ஆளுக்கொரு பிளான், ஆளுக்கொரு நேரம்.

சாதாரண தெர்மோஸ்டாட்டுக்கு விலை தெரியாது, டிகிரி மட்டும் தான் தெரியும். அதனால ஒரே ஒரு மாறும் டிகிரியைத் தான் வைக்க முடியும். டைம்-ஆஃப்-யூஸ் வீடுன்னா, வாரத்துல பெரும்பகுதி நேரம் (தினமும் ராத்திரி 7 முதல் காலை 7 வரை, சனி ஞாயிறு முழுக்க) ஆஃப்-பீக்ங்கிறதால, 0-வுக்கும் மைனஸ் 5-க்கும் நடுவுல வெச்சா இந்த உதாரண விலைக்குச் சரியா இருக்கும்.

2025 ஏப்ரலுக்கு முன்னாடி செட் பண்ணின வீடா? மறுபடி கணக்குப் போடுங்க

இது முக்கியமான விஷயம். கேஸ் பில்லில் வந்துக்கிட்டிருந்த ஃபெடரல் கார்பன் சார்ஜ், கன மீட்டருக்கு 15.25 சென்ட், 2025 ஏப்ரல் 1 முதல் எடுத்தாச்சு. நம்ம உதாரணத்தில் கேஸ் 40 சென்ட்னா, அது இருந்தப்போ சுமார் 55 சென்ட்.

அப்போ மிட்-பீக்ல தேவையான சி.ஓ.பி. எவ்வளவு? 14-ஐ 5.5-ஆல வகுத்தா 2.5. அதாவது மைனஸ் 7 வரைக்கும் ஹீட் பம்ப் லாபமா இருந்துச்சு. இப்போ அதே நேரத்துக்கு பிளஸ் 5. ஒரே ஒரு கட்டணம் போனதுல 12 டிகிரி நகர்ந்திருக்கு! 2023, 2024-ல ஹீட் பம்ப் போட்டவங்க, அன்னிக்கு சரியா செட் பண்ணியிருந்தாலும் இன்னிக்கு அது தப்பா இருக்கலாம். கேஸ் விலையும் மூணு மாசத்துக்கு ஒரு முறை மாறும். வருஷத்துக்கு ஒரு தடவை, நவம்பர்ல புது கரண்ட் விலை வந்ததும் இந்த வகுத்தலைப் போட்டுடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

"எனக்குக் காசு மட்டும் முக்கியம் இல்லை, கேஸ் எரிக்கிறதைக் குறைக்கணும்"னு நினைக்கிறீங்களா? தாராளமா செய்யுங்க. ஆனா விலை தெரிஞ்சு செய்யுங்க. மைனஸ் 10-ல, மிட்-பீக்ல, நம்ம டவுன்ஹவுஸுக்கு ஹீட் பம்ப் மணிக்கு 43 சென்ட், கேஸ் 28 சென்ட். மணிக்கு 15 சென்ட் அதிகம். அது உங்களுக்கு ஓகேன்னா, அதுவும் ஒரு நல்ல முடிவு தான்.

பில்லில் இருந்து உண்மையான விலையை எடுக்க ஒரு ட்ரிக்

பில் தொகையை யூனிட்டால வகுக்காதீங்க. அதுல நீங்க கேஸே எரிக்காட்டியும் வர்ற மாசக் கட்டணம் கலந்திருக்கும். அடுத்தடுத்த ரெண்டு மாசப் பில்லை எடுத்துக்கோங்க. தொகை வித்தியாசத்தை, பயன்படுத்தின அளவோட வித்தியாசத்தால வகுங்க.

உதாரணமா ஜனவரி 250 கன மீட்டர், 125 டாலர். பிப்ரவரி 200 கன மீட்டர், 105 டாலர். 20 டாலர் ÷ 50 = 40 சென்ட். இது தான் நீங்க எரிக்கிற ஒவ்வொரு கன மீட்டருக்கும் கொடுக்கிற உண்மையான விலை. ரெண்டு மாசத்துக்கு நடுவுல விலை மாறாம இருக்கணும், அவ்வளவு தான்.

அல்ட்ரா-லோ பிளானுக்கு மாறலாமா?

ராத்திரி விலையைப் பார்த்ததும் ஆசை வரும். கேஸ் பேக்கப் இருந்தா யோசிக்கலாம். ராத்திரி ஹீட் பம்ப், சாயங்காலம் கேஸ்னு பிரிச்சுக்க முடியும்.

எலக்ட்ரிக் பேக்கப் மட்டும் இருந்தா ரொம்ப ஜாக்கிரதை. மாலை 4 முதல் 9 வரை, 10 கிலோவாட் காயில் ஒரு மணி நேரம் ஓடினா, மேலே சொன்ன 30 சென்ட் விலைக்கு 3 டாலர். அஞ்சு மணி நேரமும் ஓடுச்சுன்னா ஒரே சாயங்காலத்துல 15 டாலர். நீங்க ஆபீஸ் முடிஞ்சு வந்து, சமைச்சு, குளிச்சு, வீட்டைச் சூடேத்துற நேரமும் அது தான். எலக்ட்ரிக் கார் வெச்சிருந்து ராத்திரி சார்ஜ் போடுறவங்களுக்கு மொத்தக் கணக்கு வேற மாதிரி வரலாம். மத்தவங்க ஒரு குளிர்கால மாசத்து மணிவாரிப் பயன்பாட்டை உங்க மின் நிறுவனத்தோட வெப்சைட்ல இறக்கிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

ஒன்டாரியோவுக்கு வெளியே இருக்கீங்களா?

வகுத்தல் அதே தான், நம்பர் தான் மாறும். கியூபெக்ல ஹைட்ரோ-கியூபெக் கரண்ட் மலிவு. அங்க ரேட் டி.டி.னு ஒரு பிளான் இருக்கு. வெளியே ஒரு குறிப்பிட்ட டிகிரிக்குக் கீழே போனா (ஊரைப் பொறுத்து மைனஸ் 12 அல்லது மைனஸ் 15) கரண்ட் விலை பல மடங்கு ஏறும். அதுக்கு மேல ரொம்ப மலிவு. மாறுற டிகிரியை மின் நிறுவனமே சொல்லிடுது. குளிர் உச்சத்துல எல்லாரும் ஒரே நேரத்துல கரண்ட் இழுக்கக் கூடாதுங்கிறது தான் அதோட நோக்கம்.

"எமர்ஜென்சி ஹீட்" பட்டனைத் தொடாதீங்க

தெர்மோஸ்டாட்ல இப்படி ஒரு மோடு இருக்கும். ரொம்பக் குளிரா இருக்கேன்னு இதைப் போட்டா வீடு சீக்கிரம் சூடாகும்னு நினைக்கிறவங்க உண்டு. இது ஹீட் பம்ப்பை முழுசா நிறுத்திட்டு பேக்கப்பை மட்டும் ஓட்டும். ஹீட் பம்ப் ரிப்பேர் ஆகி, டெக்னீஷியன் வர்ற வரைக்கும் பயன்படுத்தத் தான் இது. ஒரு நாள் போட்டுட்டு மறந்துட்டா மாசம் முழுக்க காயில்ல தான் ஓடும். வீட்டில் அப்பா, அம்மா ஊர்லருந்து வந்து தங்கியிருந்தா இதை முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க.

இன்னொரு விஷயம். அவுட்டோர் யூனிட்ல இருந்து திடீர்னு வெள்ளையா புகை மாதிரி வந்தா பயப்பட வேண்டாம். மேல படிஞ்ச பனியை மெஷின் தானே உருக்கிக்கிற நேரம் அது. வர்றது நீராவி. அந்தச் சில நிமிஷம் பேக்கப் ஓடுறதும் சகஜம். ஆனா வெளியே பிளஸ் 3, 4 இருக்கும்போதே தினமும் மணிக்கணக்கா "ஆக்ஸ்"னு காட்டினா ஏதோ கோளாறு. முதல்ல ஃபில்டரை மாத்துங்க, அவுட்டோர் யூனிட்டைச் சுத்தி இருக்கிற பனியை அகற்றுங்க. அப்பவும் சரியாகலைன்னா, கேஸ் லீக் ஆகியிருக்கலாம், டெக்னீஷியனைக் கூப்பிடுங்க. இங்க கேஸ்னு சொல்றது மெஷினுக்குள்ள சுத்துற ஏசி கேஸ்.

கரண்ட் போனா என்ன ஆகும்?

"கேஸ் ஃபர்னஸ் இருக்கே, கரண்ட் போனாலும் கவலை இல்லை"னு நம்பாதீங்க. ஃபர்னஸோட ஃபேனும், கன்ட்ரோல் போர்டும் ஓட கரண்ட் வேணும். 2013 டிசம்பர் ஐஸ் புயல்ல டொராண்டோவில் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் கரண்ட் இல்லாம போச்சு. சில வீடுகளுக்கு நாள் கணக்கா வரலை. பேக்கப் ஹீட்ங்கிறது குளிருக்கான பேக்கப். கரண்ட் போறதுக்கான பேக்கப் தனி.

அப்படி ஒரு நிலைமையில் பார்பிக்யூ அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள்ளயோ கராஜ்லயோ வைக்கவே வைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்னுடும். கேஸ் ஃபர்னஸ் இருக்கிற வீட்டில் அதுக்கான அலாரம் வேலை செய்யுதான்னு இன்னிக்கே டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க.

புதுசா போடப் போறீங்களா? கொட்டேஷன்ல இந்த நாலையும் கேளுங்க

1. மைனஸ் 15-ல இந்த மாடல் எவ்வளவு சூடு தரும், சி.ஓ.பி. எவ்வளவு? பிளஸ் 8-ல இருக்கிற நம்பரை மட்டும் காட்டினா ஒத்துக்காதீங்க.
2. எத்தனை டிகிரி வரைக்கும் பேக்கப் இல்லாம என் வீட்டைச் சமாளிக்கும்? அதுக்கு ஹீட் லோடு கணக்குப் போட்டீங்களா?
3. எலக்ட்ரிக் காயில் எத்தனை கிலோவாட்? 10 கிலோவாட் காயில் 240 வோல்ட்ல 42 ஆம்ப் இழுக்கும். 100 ஆம்ப் பேனல் இருக்கிற பழைய வீட்டில், அடுப்பு, டிரையர், கார் சார்ஜரோட சேர்த்தா தாங்குமா? பேனல் மாத்தணும்னா அந்தச் செலவும் கொட்டேஷன்ல வரணும்.
4. கேஸ் ஃபர்னஸ் இன்னும் நல்லா ஓடுதுன்னா அதையே பேக்கப்பா வெச்சுக்கலாமா? வெச்சுக்கிட்டா முதலீடு குறையும். ஆனா கேஸ் இணைப்புக்கான மாசக் கட்டணம் தொடரும், வருஷத்துக்கு அது சில நூறு டாலர். ரெண்டையும் எழுதி வெச்சுப் பாருங்க.

இன்னும் ஒன்னு. வீட்டு வாசல்ல வந்து ஹீட் பம்ப், ஃபர்னஸ் விக்கிறதுக்கு ஒன்டாரியோவில் 2018 மார்ச் முதல் தடை இருக்கு. நீங்க கூப்பிடாம யாராவது டேப்லெட்டோட வந்து "கையெழுத்து மட்டும் போடுங்க"னு சொன்னா கதவைச் சாத்திடுங்க.

இந்த சனிக்கிழமை 15 நிமிஷத்துல செய்ய வேண்டியது

- உங்க பேக்கப் எலக்ட்ரிக்கா, கேஸான்னு பாருங்க. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட கேளுங்க. செட்டிங் மாத்தறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.
- தெர்மோஸ்டாட்ல அந்த ரெண்டு டிகிரியையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. மாத்தினா பழைய நம்பர் கையில் இருக்கணும்.
- ஆப்ல போன வாரம் "ஆக்ஸ்" எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு பாருங்க.
- எலக்ட்ரிக்னா: கம்ப்ரசர் நம்பரைக் கையேடு சொல்ற அளவுக்குக் கீழே இறக்குங்க, ஆக்ஸ் நம்பரை மைனஸ் 5-ல ஆரம்பிங்க.
- கேஸ்னா: வகுத்தலைப் போட்டு உங்க மாறும் டிகிரியை வைங்க.
- ராத்திரி குறைக்கிறது ரெண்டு டிகிரிக்கு மேல வேண்டாம்.

இவ்வளவும் பண்ணினாலும் ஜனவரி பில், அக்டோபர் பில்லை விடக் கூடத்தான் இருக்கும். குளிர்காலம்னா அப்படித்தான். அதுக்குத் தனியா ஒரு வழி இருக்கு. போன வருஷ மொத்த ஹைட்ரோ, கேஸ் பில்லைக் கூட்டி 12-ஆல வகுத்து, அந்தத் தொகையை மாசா மாசம் சம்பளம் வந்ததும் ஒரு தனி சேவிங்ஸ் அக்கவுண்ட்ல போட்டுடுங்க. மே மாசம் மிச்சமாகிற பணம் ஜனவரியில் கை கொடுக்கும், கிரெடிட் கார்டுல தேய்க்க வேண்டி வராது.

தெர்மோஸ்டாட்ல எந்த மெனுவுக்குள்ள போய் எதை மாத்தணும்ங்கிறதை ஸ்க்ரீன்ல காட்டி நம்ம சேனல்ல வீடியோவும் போட்டிருக்கோம், பார்த்துக்கிட்டே செய்யுங்க. ஹீட் பம்ப் வீட்டுக்கு மாறப் போற நண்பர் யாராவது இருந்தா, முதல் ஜனவரி பில் வர்றதுக்கு முன்னாடி இதை அனுப்பி வைங்க.